பவர் டில்லர்: வாங்குவதிலிருந்து ஐப்பசி மழைக்குக் கட்டிவைப்பது வரை

கடலூர் மாவட்டத்தில் பவர் டில்லர்கள் உழுது தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். சம்பாவுக்குச் சேறு அடித்து முடித்த கையோடு, சக்கரத்தில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் வண்டியைக் கொட்டகை ஓரத்தில் தள்ளி, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அது அப்படியே ஈரத்தில் நிற்கிறது. மார்கழியில் மணிலா (நிலக்கடலை) கொல்லை உழ எடுத்தால் கிளட்ச் ஒட்டியிருக்கும், டாங்கில் தண்ணீர் நிற்கும், கத்தி போல்ட் ஒன்றும் அசையாது. பருவம் தவறாமல் விதைக்க வேண்டிய நேரத்தில் மெக்கானிக் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

மழைக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கினால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். வாங்குவது, பழகுவது, நம் நிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது பற்றியும் தேவையான அளவுக்குச் சொல்கிறேன்.

யாருக்கு எந்த வண்டி

நான் சொல்வது பெரிய டில்லரைப் பற்றி. பின்னால் நடந்து ஓட்டுவது, 12, 13 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர், தண்ணீரால் குளிரும் டீசல் இன்ஜின். நம் பக்கம் அதிகம் ஓடுபவை பெங்களூரு வி.எஸ்.டி. சக்தியும் கேரளத்துக் காம்கோவும். வி.எஸ்.டி. 1967இல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து தொடங்கியது. காம்கோ 1973இல் கேரள அரசு தொடங்கிய நிறுவனம். இரண்டுமே பழைய கம்பெனிகள் என்பதால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தக் கம்பெனி என்று முடிவெடுக்கும் முன், உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேர தூரத்துக்குள் பெல்ட்டும் ஆயில் சீலும் எந்த வண்டிக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். எனக்கு அதுதான் முதல் தகுதி.

பின்னால் கத்திகளோடு சுற்றி மண்ணை உழும் ரோட்டரியோடு சேர்த்தால் இந்த வண்டிகள் 400 கிலோவைத் தொடும். உழும் அகலம் சுமார் இரண்டடி. காட்டுமன்னார்கோயில், குமராட்சி பக்கத்துக் களிமண்ணுக்கு இந்த எடையும் இழுவையும் வேண்டும். டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும் சின்னச் சின்ன வயல்களில் இது வரப்புக்கு வரப்பு திரும்பிவிடும். பண்ருட்டி, காடாம்புலியூர் செம்மண்ணில் முந்திரி மரங்களுக்கு நடுவே புகுந்து உழவும் தோதானது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்குக் களை ஓட்ட நினைப்பவர்கள் பாரின் இடைவெளியை அளந்துவிட்டு வாங்குங்கள். ஐந்தடிப் பாராக இருந்தால் தாராளமாகப் போகும். பழைய மூன்றடிப் பாரில் கரும்பை மிதித்துவிடும், அங்கே சின்ன பவர் வீடர்தான் சரி. கத்தரி, வெண்டை போடும் அரை ஏக்கர் கொல்லைக்கும் பெரிய டில்லர் வேண்டாம். திருப்பித் திருப்பியே கை ஓய்ந்துவிடும்.

மானியத்தில் வாங்குவதென்றால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் பதிந்து, அனுமதி கையில் வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் மானியம் உண்டு. அதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். சிறு, குறு விவசாயி சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பாகூர் பக்கம் நிலம் இருந்தால் அது புதுச்சேரிக் கணக்கு, அங்குள்ள வேளாண் துறையில்தான் கேட்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதானால் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் குச்சியை உருவி நிறம் பாருங்கள், வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டு சக்கரத்தையும் மாறிமாறித் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ரோட்டரி தண்டின் இரு முனையிலும் ஆயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்டு புதிதாக இருந்தால் அது ஒரு தகுதியே இல்லை.

ஓட்டப் பழகும்போது

மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். மற்றது ஓட்ட ஓட்ட வந்துவிடும்.

கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வண்டியில், சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து நன்றாக வேகம் ஏற்றிய பிறகுதான் விட வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், பிடியைச் சுற்றி வளைக்காதீர்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு தப்பும்.

அடுத்தது இறக்கம். ஹேண்டிலில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஸ்டீரிங் கிளட்சைப் பிடித்தால், அந்தப் பக்கச் சக்கரத்துக்கு இன்ஜின் இழுவை போகாது. சமதரையில் இடது ஸ்டீரிங் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். வாய்க்கால் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும்போது அதே கிளட்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். காரணம் இதுதான்: இறக்கத்தில் வண்டி தன் எடையால் ஓட, இன்ஜின் அதை இழுத்துப் பிடிக்கிறது. கிளட்ச் பிடித்த சக்கரம் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும், மற்ற சக்கரம் பின்தங்கும், வண்டி பின்தங்கிய பக்கம் வளையும். இது தெரியாமல் வீராணம் பாசன வாய்க்கால் கரைகளில் வண்டியோடு தண்ணீருக்குள் போனவர்கள் உண்டு. இறக்கத்தில் லோ கியர், குறைந்த ஆக்ஸிலேட்டர், ஸ்டீரிங் கிளட்சைத் தொடாமல் ஹேண்டிலைத் தோளால் தள்ளித் திருப்புவது, இந்த மூன்றையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வரப்பை நேராகத்தான் தாண்ட வேண்டும், சாய்வாகத் தாண்டினால் கவிழும். தாண்டும்போது ரோட்டரி சுற்றக்கூடாது.

மூன்றாவது ரிவர்ஸ். ரிவர்ஸ் போட்டதும் ஹேண்டில் உங்கள் நெஞ்சை நோக்கி வரும். முந்திரித் தோப்பில் பின்னால் மரம் இருப்பதை மறந்து ரிவர்ஸ் எடுப்பது உயிருக்கே ஆபத்து. வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் கிளட்ச் லீவருக்குக் கை எட்டாது. ரிவர்ஸில் ரோட்டரி ஓடாமல் தடுக்கும் பூட்டு பெரும்பாலான வண்டிகளில் உண்டு. பழைய வண்டி என்றால் அது வேலை செய்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

நம் நிலத்துக்கு ஏற்ற மாற்றங்கள்

சேற்றுழவுக்கு முதல் தேவை கேஜ் வீல், அதாவது பட்டைகள் வைத்த இரும்புச் சக்கரம். கம்பெனிச் சக்கரமே வாங்கலாம், பட்டறையில் அடித்தும் வாங்கலாம். பட்டறையில் அடிப்பதானால் வண்டியோடு போங்கள். இடது சக்கரத்துப் பட்டைகளும் வலது சக்கரத்துப் பட்டைகளும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சாய்வில் பற்றவைத்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். இன்னும் பிடிக்கட்டுமே என்று அகலத்தைக் கூட்டாதீர்கள், அந்தப் பாரம் முழுக்க ஆக்ஸில் தாங்க வேண்டும். தார் ரோட்டில் கேஜ் வீலோடு ஓட்டினால் ரோடும் போகும், கியர் பெட்டி பேரிங்கும் போகும்.

ரோட்டரியின் பின்னால் ஒரு பரம்புப் பலகையைக் கீல் வைத்து மாட்டினால் சேறு அடிக்கும்போதே மேடு பள்ளம் ஓரளவுக்கு நிரவிவிடும். நடவுக்கு முன் தனியாகப் பரம்பு அடிக்கும் வேலை பாதியாகக் குறையும். செலவும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

களை ஓட்ட அகலத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ரோட்டரியின் இரு ஓரத்துக் கத்திகளையும் கழற்றலாம். ஒரு பக்கம் எத்தனை கழற்றினீர்களோ மறுபக்கமும் அத்தனை. கத்திகளில் இடவளைவு, வலவளைவு என்று இரண்டு வகை உண்டு. கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த கத்தியை மாற்றும்போதும் எதிர்ப்பக்கத்து ஜோடியையும் சேர்த்து மாற்றினால்தான் அதிராது. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும் உறுதியான போல்டையே போடுங்கள். சாதாரண போல்ட் முதல் வேரில் இடித்ததும் அறுந்துவிடும், கத்தி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

இரவில் உழுபவர்கள் எல்.இ.டி. விளக்கு வைக்கலாம். ஒயரை சைலன்சரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டுவிடுங்கள். டிரெய்லர் மாட்டினால் அதன் பிரேக்குக்கு முதலிடம் கொடுங்கள். வண்டியை நிறுத்துவது டிரெய்லர் பிரேக்தான்.

செய்யக்கூடாதவை இரண்டு. வேகம் கூட வேண்டுமென்று, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்க்ரூவில் கம்பெனி வைத்த சீலை உடைக்காதீர்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றினால் கனெக்டிங் ராடுதான் முதலில் போகும். சேறு அடைக்கிறது என்று ரோட்டரி மூடியையும் பெல்ட் மூடியையும் கழற்றி வீசாதீர்கள். வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு வேலை செய்யும் ஊர் நம் ஊர். துணி சுற்றிக்கொண்டால் இழுத்து எடுக்க நேரம் இருக்காது.

மழைக்கு முன்: ஒரு நாள் வேலை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரம் தொடங்கும். சேற்றுழவு முடிந்த மறுநாளே இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மண் காய்ந்து இறுகிவிட்டால் இரண்டு மடங்கு வேலை.

முதலில் கழுவல். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பு இரும்பு விரிசல் விடும். கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் உப்பு ஏறிய வயலில் ஓடிய வண்டியை அதே வாய்க்கால் தண்ணீரில் கழுவாதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பம்புசெட் குழாயைப் பிடித்து அடிக்கலாம். ஆனால் ஏர் கிளீனர், ஆயில் சீல் உள்ள இடங்கள், ஆயில் ஊற்றும் மூடி, இவற்றில் நேராக அடிக்கக்கூடாது. ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே ஒட்டிய சேற்றையும் பதரையும் மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள்.

அடுத்து, பலரும் தவறவிடும் ஒன்று. கேஜ் வீலைக் கழற்றி, ஆக்ஸிலும் ரோட்டரித் தண்டும் வெளியே வரும் இடத்தை உற்றுப் பாருங்கள். வைக்கோலும் நைலான் கயிறும் உரச்சாக்கு நூலும் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சேறு மாதிரிதான் தெரியும். அறுவாள் நுனியால் கீறி ஒவ்வொரு சுற்றாக உருவி எடுங்கள். அந்த நூல்தான் ஆயில் சீலின் உதட்டை அறுக்கிறது. சீல் அறுந்தால் ஆயில் வெளியே போவதோடு சேற்றுத் தண்ணீர் கியர் பெட்டிக்குள்ளும் போகிறது. விலை குறைந்த ஒரு ரப்பர் வளையத்தைக் கவனிக்காமல் விட்டுப் பல ஆயிரம் ரூபாய் பேரிங்கை மாற்றும் கதை ஊருக்கு ஊர் உண்டு.

பிறகு ஆயில். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, சூட்டோடு பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். இன்னும் நூறு மணி நேரம் ஆகவில்லையே, மழைக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், முன்னால்தான் மாற்ற வேண்டும். ஓடிய ஆயிலில் கரியும் அமிலமும் இருக்கும், அது இரண்டு மாதம் பேரிங்கின் மேல் உட்கார்ந்தால் அரிக்கும். கியர் பெட்டி, ரோட்டரிப் பெட்டி இரண்டின் வடிகால் போல்டையும் லேசாகத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் நிற்கும், உள்ளே இருந்தால் முதலில் அதுதான் வரும். வந்தால் முழுக்க வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள். ஏர் கிளீனர் கிண்ணத்து ஆயிலையும் கொட்டி, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, கோடு வரை புது ஆயில் விடுங்கள்.

டீசல் டாங்கைக் காலியாகவோ பாதியாகவோ விடாமல் விளிம்பு வரை நிரப்புங்கள். காலி இடத்தில் காற்று இருக்கும், மழைக்காலத்துக் காற்றில் ஈரம் இருக்கும், இரவுக் குளிரில் அது டாங்கின் உட்சுவரில் வியர்த்து டீசலுக்கு அடியில் இறங்கும். நிரப்பும் முன் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி அடியில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நின்றால் அதை வடித்துவிடுங்கள். கடலோரத் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து, கோடையில் வண்டி கொதிக்க அதுவே காரணமாகும். கூலன்ட் கலந்து ஊற்றுவது நல்லது. அதற்குச் சேர்க்கும் தண்ணீரை மாடியில் விழும் மழையிலிருந்தே சுத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

இனி நிறுத்தும் முறை. இன்ஜினை அணைத்த பிறகு கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் இறுக்கம் கொடுத்து எதிர்க்கும், அங்கேயே நிறுத்துங்கள். அதுதான் கம்ப்ரஷன். அப்போது இரண்டு வால்வும் மூடியிருப்பதால் ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது, உள்ளே துரு ஏறாது. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். மெயின் கிளட்ச் லீவரைப் பிடித்த நிலையில் கயிறு போட்டுக் கட்டினால் தகடுகள் ஒட்டிக்கொள்ளாது. பெல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். பேட்டரி இருந்தால் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். லீவர் இணைப்புகளுக்கும் கேபிள்களுக்கும் கிரீஸ், கத்திகளுக்கும் கேஜ் வீலுக்கும் பிரஷ்ஷால் வடித்த ஆயில். அந்த ஆயில் பெல்ட்டில் படக்கூடாது. மிச்சத்தை வாய்க்காலில் கொட்டாமல் டப்பாவில் மூடி வையுங்கள், அடுத்த வருடமும் உதவும்.

தரையோடு நிறுத்தாதீர்கள். செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு, டயர் ஈரத்தில் படாமல் ஏற்றி நிறுத்துங்கள். தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடிக் கட்டுவது பெரிய தவறு. உள்ளே ஈரம் சிக்கி, வெளியில் நனைந்த வண்டியைவிட மோசமாகத் துரு பிடிக்கும். மேல்பக்கம் மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று போக விடுங்கள். பக்கத்தில் நெல் மூட்டையோ மணிலாப் பயறோ வைத்தால் எலி வரும். வந்தால் ஒயரையும் டீசல் டியூபையும் கடிக்காமல் போகாது.

புயல், வெள்ளம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைத்தான் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. தென்பெண்ணை, கெடிலம், கொள்ளிடம், பரவனாற்றுக் கரையில் இருப்பவர்கள் மழைக்கு முன்பே ஒரு மேட்டு இடத்தைப் பார்த்து வையுங்கள். கோயில் திடலோ, களமோ, உறவுக்காரர் வீட்டு மேடோ எதுவானாலும் சரி. கொட்டகைக் கூரை பறக்கும் நிலையில் இருந்தால் வண்டி வெட்டவெளியில் நனைவதே மேல். விழும் தென்னை எட்டாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

அப்படியும் மூழ்கிவிட்டதா? தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை வெறும் ஈர வண்டியாக இருந்தது அந்த ஒரு நொடியில் இன்ஜின் பிரிக்கும் வேலையாக மாறிவிடும்.

காப்பீடு இருந்தால் வண்டியை நகர்த்தும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல் மூன்றையும் முழுக்க வடியுங்கள். ஆயில் மோர் போல வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஏர் கிளீனரையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் கழற்றிவிட்டு, கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள், சிலிண்டரில் நிற்கும் தண்ணீர் நாசில் துளை வழியே பீறிக்கொண்டு வெளியே வரும். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். தண்ணீர் வருவது நின்றதும் அந்தத் துளையில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சில சுற்று சுற்றுங்கள். நாசில் கழற்றிப் பழக்கம் இல்லை என்றால் மெக்கானிக் வரட்டும், அதுவரை கைப்பிடியைத் தொடாதீர்கள். எல்லாம் காய்ந்த பிறகு புது ஆயில், புது ஃபில்டர், புது டீசல். முதல் முறை ஓடவிட்ட சில மணி நேரத்திலேயே ஆயிலை மறுபடி மாற்றிவிடுங்கள், மூலை முடுக்கில் தங்கிய ஈரமெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். ஊர் முழுக்க மூழ்கிய வாரத்தில் மெக்கானிக் கிடைக்க நாளாகும். வடித்து ஆயில் விடும் வேலையைத் தாமதிக்காமல் நீங்களே முடித்துவிட்டால் இன்ஜின் தப்பிக்கும்.

மறுபடி எடுக்கும்போது

மழை விட்டு மேட்டுக்காடு உழுகிற பதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியை வெளியே எடுங்கள். சைலன்சர் டப்பாவை எடுத்து, கிளட்ச் கயிற்றை அவிழ்த்து, பெல்ட்டை இறுக்குங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கித் திரும்ப வேண்டும். ஃபில்டரில் தண்ணீர் பார்த்து, டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள் (ஏர் எடுப்பது). பிறகு ஆக்ஸிலேட்டரை மூடி வைத்து, டீகம்ப்ரஷனைத் தூக்கிப் பிடித்தபடி பல சுற்று வெறுமனே சுற்றுங்கள், ஆயில் மேலே ஏறட்டும். அதற்கப்புறம் ஸ்டார்ட் செய்து, பாரம் இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு, இரண்டு ஸ்டீரிங் கிளட்சும் பிடித்ததும் விடுகிறதா என்று சமதரையில் பாருங்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் உழுததும் வண்டியை அணைத்துவிட்டு, ரோட்டரிக் கத்தி போல்ட், சக்கர போல்ட் எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டு ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். தளர்ந்தது ஒன்றாவது இருக்கும்.